எங்களுக்கு எதிராக ஓர் உத்தரவு போடுங்கள்

நாய், பூனை, மீன் சம்பந்தப்பட்ட சரக்கு என்றதும் சுங்க ஏஜென்ட்களான உங்கள் முகம் போகிற போக்கை நான் கவனிக்காமல் இல்லை. எந்திர பாகம், மருந்து, செல்ஃபோன் என்றால் நான் நீ என்று முந்துகிறீர்கள். நாய் பிஸ்கட்டோ தொட்டி மீனோ வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறீர்கள். என் காலத்திலும் அப்படித்தான். கிளியரிங் ஏஜென்ட் வேலைக்கு ஒரு பெண் வந்திருக்கிறாளே, இவளுக்கு எதைக் கொடுப்பது என்று திகைத்த என் முதலாளி கிளிக்கூண்டு இறக்குமதியை என் பக்கம் தள்ளிவிட்டார். அப்படித் தொடங்கியதுதான். பத்து வருஷத்தில் தில்லியில் பிராணி வியாபாரம் செய்கிறவர்களில் பாதிப் பேர் சுங்க வேலைக்கு என்னைத் தேடித்தான் வந்தார்கள்.

இப்போது துவாரகா ஃப்ளாட்டில் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறவளைக் கூப்பிட்டு, பழைய அனுபவம் சொல்லுங்கள் மேடம் என்று உட்கார வைத்துவிட்டீர்கள். இறக்குமதி மனு எப்படிப் போடுவது, கம்ப்யூட்டரில் எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. வெளிநாட்டுச் சரக்குக்கு வரியைக் கட்டி வெளியே எடுத்துக் கொடுப்பது நம் பிழைப்பு. அந்த வரி ஏறும்போது யார் என்ன ஆகிறார்கள், அப்போது நாம் என்ன செய்ய வேண்டும், இதை மட்டும் சொல்கிறேன்.

பெரிய கம்பெனிக்கு வரி ஏறினால் கணக்குப் பிரிவில் இரண்டு பேர் முணுமுணுப்பார்கள். ஒற்றை ஷட்டர் கடை வைத்திருப்பவனுக்கு ஏறினால் அந்த மாதமே அடுப்பில் தெரியும். விலையை ஏற்றினால் வாங்குகிறவர் வீட்டு மிச்சச் சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டுக் கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிடுவார். ஏற்றாவிட்டால் கைமுதல் கரையும். உயிருள்ள சரக்காக இருந்தால் இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொள்ளும். இரும்பு கோடவுனில் கிடந்து காத்திருக்கும், மீன் காத்திருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் நாய்த் தீவனம் இறக்குமதி செய்கிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, வரியைக் குறைக்கச் சொல்லி, பட்ஜெட்டுக்கு முன்னால் அமைச்சகத்துக்கு மனுக் கொடுக்கப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். அவர்களில் ஒருவர், ரொம்ப நல்ல மனிதர், கையோடு ஓர் ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தார். சோஃபாவில் நாய், பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் நாய், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாய். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் புரட்டினார். மூடி வைத்துவிட்டு, இவ்வளவு வசதியாக இருக்கிற நாய் கொஞ்சம் வரி கட்டினால்தான் என்ன என்று கேட்டார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. மறு வருஷம் ஆல்பத்தை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வரச் சொன்னேன். மூட்டையாக வருகிற தீவனத்தைச் சிறு பைகளில் அடைக்கிற பெண்கள் எங்கெங்கே வேலை செய்கிறார்கள், காவலுக்கு நாய் வைத்திருக்கிற கிடங்குகள் எவை என்று எழுதி எடுத்துப் போனோம். கேட்டதில் ஒரு பங்கு கிடைத்தது. அதிகாரிக்கு நாயைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது நமக்கு வேண்டாத விஷயம். கோப்பில் எழுத அவருக்கு ஒரு காரணம் வேண்டும், அதைக் கையில் கொடுப்பதுதான் நம் வேலை.

ஆனால் மனுக் கொடுத்துவிட்டு அடுத்த பட்ஜெட் வரை உட்கார்ந்திருப்பது நிதானமான காலத்து வைத்தியம். சரக்கு ஷெட்டில் கிடக்கிறது, அதிகாரி முடியாது என்கிறார், கட்சிக்காரர் உங்கள் முகத்தையே பார்க்கிறார். அந்த நேரத்து வைத்தியத்தை எனக்குச் சொன்னவர் ஒரு போட்டிக்காரர்.

விமான நிலையத்துக் கார்கோ காம்ப்ளெக்ஸில் எனக்கு அடுத்த மேஜையில் ஒரு பஞ்சாபிக்காரர் இருந்தார். வயதில் என் ஜோடி. என் கட்சிக்காரர்கள் இரண்டு பேரைக் கொத்திக்கொண்டு போனவர். ஒரு நாள் நான் ஓர் அதிகாரியின் அறையில் நெடுநேரம் கெஞ்சிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"பெஹன்ஜி, ஜீத் மத் மாங்கோ. ஹார் லிக்வா லோ" என்றார்.

ஜெயிக்க வையுங்கள் என்று கேட்காதே, தோற்றாய் என்று எழுதி வாங்கிக்கொள் என்று அர்த்தம். வாயால் சொன்ன 'முடியாது'வை எடுத்துக்கொண்டு நீ எந்த மேலிடத்துக்குப் போவாய், எழுத்தில் கொடுத்தால் அடுத்த படி ஏறலாம் என்று விளக்கமும் சொன்னார். போட்டிக்காரர் புத்தி சொன்னால் அதில் ஏதாவது சூது இருக்கும் என்று நினைத்து நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முருகேசனின் மீன்கள் வந்து இறங்கிய நாளில்தான் அது எனக்கு உறைத்தது.

முருகேசனின் அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குத் தில்லி வந்தவர். முருகேசன் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் எட்டாவதோடு நின்றுவிட்டு, அலங்கார மீன் விற்கிற கடை ஒன்றில் தொட்டி கழுவப் போனான். நான் அவனைப் பார்த்தபோது அவனுக்குச் சொந்தக் கடை இருந்தது. பாங்காக்கிலிருந்து மீன் வரவழைத்து ஊரிலிருந்த சின்னக் கடைகளுக்கெல்லாம் மொத்தமாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். கல்லாவில் அவன் மனைவி செல்வி உட்காருவாள். இரண்டு பேர் வாயிலும் தமிழும் ஹிந்தியும் ஒரே மூச்சில் வரும். முருகேசன் நல்ல கோபக்காரன், மனிதர்களிடம் சுள்ளென்று விழுவான். தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் குரலே எழும்பாது.

உயிருள்ள மீனுக்கு அப்போது ஒரு சலுகை வரி இருந்தது. அரசு அறிவிக்கையில் 'உயிருள்ள மீன்' என்று மட்டும் போட்டிருந்தது, எந்த மீன் என்று பிரிக்கவில்லை. இறக்குமதியைத் தாராளமாகத் திறந்துவிட்ட நாளிலிருந்து முருகேசன் அதைத்தான் கட்டி வந்தான். புதிதாக மாற்றலாகி வந்த சுங்க உதவி ஆணையர் அதில் கை வைத்தார். மீன் வளர்த்துப் பிழைக்கிற விவசாயிக்காகக் கொடுத்த சலுகை இது, வரவேற்பறையில் அழகு பார்க்கிற மீனுக்கு இல்லை, பொது விகிதப்படி கட்டுங்கள் என்றார். பொது விகிதம் சலுகையைப் போலப் பல மடங்கு. லஞ்சத்துக்குக் கை நீட்டுகிறவராக இருந்தால் மேலே புகார் சொல்லலாம். இவரோ நேர்மையானவர், மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவருகிறவர். சரி என்று முழு மனதோடு நம்பிக்கொண்டு தப்பாகச் சொல்கிறவரோடு மல்லுக்கட்டுவது போலக் கஷ்டம் இந்தத் தொழிலில் வேறில்லை.

முருகேசன் செய்த தப்பு என்னிடம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. முந்தைய இரண்டு சரக்குகளுக்கு அவன் வேறு ஏஜென்ட்டை வைத்திருந்தான். புது ஆபீசரோடு எதற்கு முறைத்துக்கொள்வது, கேட்டதைக் கட்டிவிடு, போகப் போகச் சரியாகிவிடும் என்று அந்த ஆள் சொல்ல, இவனும் வாயைத் திறக்காமல் கட்டினான். நம் தொழிலில் ஊறியவர்கள் மட்டுமே செய்கிற தப்பு இது. பணத்தைக் கட்டும்போதே 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கும் இதே அதிகாரி முகத்தில்தானே விழிக்க வேண்டும் என்று நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறோம், அந்த நல்ல பிள்ளைத்தனமே மறுமுறை நம் கழுத்தைப் பிடிக்கிறது.

மூன்றாவது சரக்குக்குப் பாங்காக்கில் சொல்லிவிட்டு அவன் என்னிடம் வந்தான். இந்த விகிதமே நிலைத்துவிட்டால் கடையைச் சாத்திவிட்டு மறுபடி யாருக்காவது தொட்டி கழுவப் போக வேண்டியதுதான் என்றான். தப்பிக்க ஒரு யோசனையும் வைத்திருந்தான். விற்பனை மீன்களோடு இந்தத் தடவை ஒரு பெட்டி டிஸ்கஸ் ஜோடிகள் வருகின்றன. வட்டமாகத் தட்டு மாதிரி இருக்கிற, விலை அதிகமான மீன் அது. குஞ்சு பொரித்துப் பழகிய ஜோடிகள். விமான நிலையத்தை ஒட்டிய பாலம் என்கிற பகுதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, தொட்டி கட்டி, ஹீட்டர் போட்டுத் தண்ணீரைப் பழக்கி வைத்துவிட்டான். இங்கேயே பொரிக்க வைத்துவிட்டால் பிறகு எவன் வரியை ஏற்றினால் எனக்கென்ன என்றான். கடை நிற்பதும் சாய்வதும் அந்தச் சரக்கில்தான் இருந்தது.

மே மாதத்தில் ஒரு நாள் விடியலில் சரக்கு இறங்கியது. சுகாதார அனுமதியும் பாங்காக் சான்றிதழும் ஒழுங்காக இருந்தன. தண்ணீரும் ஆக்ஸிஜனும் நிரப்பிக் கட்டிய பாலிதீன் பைகள், அவற்றை அடுக்கிய தெர்மாகோல் பெட்டிகள். அந்தப் பைக்குள் மீனுக்கு இருக்கிற மூச்சு அளந்து வைத்த மூச்சு. வெளியே அனல் வீசியது. ஷெட்டில் இருந்த கூலர் சூடான காற்றை அங்கிருந்து இங்கே தள்ளியதோடு சரி. செல்வி துப்பட்டாவைக் குழாயில் நனைத்துப் பெட்டிகளின் மேல் விரித்துவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். நானும் முருகேசனும் மாடியில் உதவி ஆணையரின் அறைக்குப் போனோம்.

அவர் எங்களை உட்காரச் சொல்லி, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அறிவிக்கையில் இல்லாத பிரிவை நாமாக உண்டாக்க முடியாதே சார் என்று நான் விதம் விதமாகச் சொல்லிப் பார்த்தேன். முந்தைய இரண்டு சரக்குகளின் காகிதங்களை எடுத்து முன்னால் வைத்தார். இரண்டு தடவையும் உங்கள் கட்சிக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் கட்டியிருக்கிறாரே என்றார். முருகேசன் அதற்கு ஹிந்தியில் ஏதோ உரக்கச் சொல்ல வாயெடுத்தான், நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன். பொது விகிதத்தை ஒப்புக்கொண்டு கட்டுங்கள், இல்லாவிட்டால் தலைமையகத்துக்கு எழுதி விளக்கம் வாங்குகிறேன், அதுவரை சரக்கு இருக்கட்டும் என்று முடித்தார். விளக்கம் எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எழுந்திருக்கும்போது அவர் பாதி தனக்கும் பாதி எங்களுக்குமாக ஒன்று சொன்னார். போன ஊரில் போட்ட ஒரு வரிக்குத் தணிக்கையில் ஆட்சேபணை வந்து, இன்னும் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன் மேடம் என்றார். கதவைத் தாண்டியபோதுதான் எனக்கு அது மண்டையில் இறங்கியது. இந்த மனிதர் எங்கள் வாதத்தை மறுக்கவே இல்லை. குறைந்த வரியைப் போட்டுவிட்டு நாளைக்குத் தான் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிறார். பயந்திருப்பவரிடம் எவ்வளவு நல்ல வாதத்தை வைத்தாலும் அது பயத்தைத்தான் கூட்டும். அப்போதுதான் பஞ்சாபிக்காரரின் பேச்சுக்கு எனக்கு முழு அர்த்தம் புரிந்தது. வரியை அவர் கேட்டபடியே கட்டிவிட்டால் அவருக்குப் பயமில்லை. ஆட்சேபத்தைப் பதிவு செய்துகொண்டு, ஏன் சலுகை கிடையாது என்பதைக் காரணத்தோடு உத்தரவாக எழுதித் தரச் சொன்னால் நமக்கு மேல்முறையீட்டு வாசல் திறக்கும். மீனும் உயிரோடு வீட்டுக்குப் போகும்.

வராந்தாவில் நின்று முருகேசனிடம் இதைச் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அக்கா, நீங்க யாரோட ஆளு?" என்றான்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. ஆனாலும் அவன் நிலையில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"நமக்கு எதிரா நாமளே போயி ஆர்டர் கேக்கறதா? ரெண்டு வாட்டி கட்டினதையே காட்டி மூஞ்சில அடிக்கறாரு. மூணாவது வாட்டியும் கட்டினா அவ்வளவுதான், கதை முடிஞ்சுது."

"ரெண்டு வாட்டியும் வாய மூடிக்கிட்டுக் கட்டின. இன்னிக்கு எழுதிக் குடுத்துட்டுக் கட்டப்போற. ரெண்டும் ஒண்ணில்ல முருகேசா."

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்குப் பழைய விகிதத்தில் வாங்கித் தர முடியுமா முடியாதா என்று மட்டும் கேட்டான். முடியாது என்றேன். அப்படியானால் தானே பெரிய ஆபீசரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஆணையர் அறைப் பக்கம் போனான். அங்கே வாசலில் இருந்த உதவியாளர் அவனை உட்காரச் சொன்னார். ஆணையர் மீட்டிங்கில் இருந்தார்.

இந்த இடத்தில் நீங்களே இருந்து பார்த்தால்தான் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, காகிதம் என் பையிலேயே இருக்கிறது, ஆனால் கட்சிக்காரர் சம்மதம் இல்லாமல் ஒரு வரி எழுதிக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. அவசரம் என்று சொல்லி அவன் பேரில் நானே கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். கொடுக்கவில்லை. அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் அவன் பக்கத்தில் நின்று, வெளியே சூடு ஏறுகிறது, நேரமாகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மீனைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டாம் என்றான்.  ஆணையர் அறைக் கதவு திறக்கவே இல்லை.

மதியத்துக்கு மேல் செல்வி மாடிக்கு ஓடி வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. டிஸ்கஸ் பெட்டியைக் காட்டி ஏதோ சொல்ல முயன்றாள், முருகேசன் அவள் சொல்லி முடிக்கும் வரை இருக்கவில்லை. நாங்கள் அவன் பின்னால் இறங்கினோம்.

பையைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். உள்ளே மீன்கள் ஒருக்களித்துக் கிடந்தன. ஒன்றின் செவுள் மட்டும் ஒரு தரம் திறந்து மூடியது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. எந்தப் பையிலோ கட்டு நெகிழ்ந்து காற்று போயிருக்கலாம், சூடும் சேர்ந்திருக்கலாம். அடுத்த பையைத் தூக்கினான், அதற்கடுத்ததையும் தூக்கினான். அந்தப் பெட்டி முழுவதும் போய்விட்டிருந்தது. அவன் கத்துவான் என்று பயந்தேன், கத்தவில்லை. பைகளை வரிசையாகப் பெட்டிக்குள் வைத்து மூடினான். மற்றப் பெட்டிகளில் மீன்கள் உயிரோடுதான் இருந்தன, ஆனால் பல பைகளில் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"செத்த சரக்குக்கு வரி கிடையாதுன்னு சட்டம் இருக்குல்ல?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டான்.

இருக்கிறது. சுங்கத்தைத் தாண்டுவதற்குள் அழிந்துபோன பொருளுக்கு வரி விலக்கு உண்டு. உங்களுக்கும் ஒருநாள் அது பயன்படும். ஆனால் அதற்கு அதிகாரி வந்து பார்க்க வேண்டும், கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும், அதுவரை அதே இறக்குமதி மனுவில் உள்ள ஒரு பெட்டியும் வாசலைத் தாண்ட முடியாது. நாளைக்கு ஆகிவிடும் என்று சொன்னேன். மிச்சமிருப்பது எதுவும் நாளை வரை தாங்காது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அவன், என் கண் முன்னால் செத்ததற்கு, அதுவும் தப்பான விகிதத்தில் நான் எப்படி வரி கட்டுவது என்று கேட்டான். 

செல்விதான் பேசினாள்.

"செத்ததுக்கும் சேத்துக் கட்டிடலாம். உசுரோட இருக்கறதக் கொண்டுபோயித் தண்ணில விடலாம், வா."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு என் பக்கம் கையை நீட்டினான், பேனா கொடுங்கள் என்பது போல. நான் கொடுத்தேன்.

உதவி ஆணையரின் அறைக்குள் இந்தத் தடவை நான் உட்காரவில்லை.

"சார், எங்களுக்கு எதிராக ஓர் உத்தரவு போடுங்கள்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் சர்வீஸில் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்கிற விகிதத்தை முழுதாக இப்போதே கட்டுகிறோம், ஆட்சேபத்துடன் என்று இந்தக் காகிதத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், சலுகை ஏன் இல்லை என்பதை உங்கள் வசதிப்படி எழுதிக் கொடுங்கள், மீனை இப்போது விட்டுவிடுங்கள் என்றேன். அவர் காகிதத்தைத் தொடவில்லை. உத்தரவு கொடுத்தால் நீங்கள் மேலே போவீர்கள் என்றார். போவோம் என்றேன்.

"மேலே உங்கள் உத்தரவு தப்பு என்று சொன்னால் அது அவர்கள் தீர்ப்பு சார். யாரும் உங்களைக் கேட்க முடியாது. நீங்கள் முழு வரியையும் வாங்கிவிட்டீர்கள்."

டெலிஃபோனை எடுத்தார், யாரையும் கூப்பிடாமல் கீழே வைத்தார். அப்புறம் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். 

அதோடு முடியவில்லை. சரக்கைப் பார்க்காமல் விடக்கூடாதே என்று அவரே ஷெட்டுக்கு இறங்கி வந்தார். ஒரு பையைத் திறக்கச் சொன்னார். இவ்வளவு நேரம் மூடியிருந்த தண்ணீரில் மீனின் கழிவு கலந்திருக்கும், இங்கே திறந்தால் அது விஷமாகிவிடும், வீட்டுத் தொட்டியில்தான் மெல்லத் திறக்க வேண்டும் என்று முருகேசன் சொன்னான். காலையிலிருந்து அவன் அந்த அதிகாரியிடம் குரலை உயர்த்தாமல் பேசியது அப்போதுதான். அவர் டார்ச் கொண்டுவரச் சொல்லி, பாலிதீன் வழியாகவே சில பைகளைப் பார்த்தார். டிஸ்கஸ் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். மாடிக்குப் போய்விட்டார். நாங்கள் பெட்டிகளை டெம்போவில் ஏற்றினோம்.

வெளியே வந்த மீன்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. பின்னால் எங்களுக்கு எதிரான உத்தரவும் வந்தது. அந்த மனிதரின் நேர்மையை அதில்தான் பார்த்தேன். எங்கள் வாதத்தை ஒரு வார்த்தை குறைக்காமல், நான் சொன்னதைவிடத் தெளிவாக எழுதிவிட்டு, அதை ஏன் ஏற்கவில்லை என்று கீழே எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போனோம். அந்த இடைக்காலம் முருகேசனுக்கு நரகம்தான். இறக்குமதியைப் பாதியாகக் குறைத்தான், ஆபீஸ்களில் இருக்கிற தொட்டிகளைக் கழுவிக் கொடுக்க ஒப்பந்தம் எடுத்தான், கடைக்கு வாங்கிய ஸ்கூட்டர் போயிற்று. விலையை மட்டும் ஏற்ற வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கூடுதல் வரியை வாங்குகிறவர் தலையில் ஏற்றியிருந்தால் ஜெயித்தாலும் திரும்பக் கிடைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே செய்தான்.

ஜெயித்தோம். அறிவிக்கையில் இல்லாத பிரிவை அதிகாரி தானாகச் சேர்க்க முடியாது என்று மேல்முறையீட்டு ஆணையர் எழுதினார். சலுகை விகிதம் திரும்பி வந்தது, ஊரில் மீன் இறக்குமதி செய்கிற எல்லோருக்கும் வந்தது. ஆட்சேபத்துடன் கட்டிய வரியில் கூடுதலாகப் போனதைத் திருப்பித் தந்தார்கள். வாய் மூடிக் கட்டிய அந்த இரண்டு சரக்குகளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

செய்தி வந்த அன்று இருவரும் என் ஆபீஸுக்கு வந்தார்கள். செல்விக்குத் தலைகால் புரியவில்லை. பாலம் அறையை விடாமல் வைத்திருப்பதாகவும், மறுபடி டிஸ்கஸ் ஜோடிகளுக்குச் சொல்லப்போவதாகவும் சொன்னாள். முருகேசன் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு எதிலும் கலந்துகொள்ளாமல் இருந்தான். அவள் பேசி ஓய்ந்த பிறகு கேட்டான்.

"அக்கா, நீங்க வராண்டால சொன்னப்பவே நான் சரின்னிருந்தா, அந்த ஜோடிங்க பொழச்சிருக்குமா?"

செல்வி என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. கட்சிக்காரருக்கு ஆறுதல் சொல்வதும் நம் வேலையில் சேர்ந்ததுதான். பிளேனிலேயே நொந்து போயிருக்கும், யார் கண்டது என்று சொல்லியிருக்கலாம், அவனும் நம்ப ஆசைப்பட்டுத்தான் கேட்டான். ஆனால் அடுத்த சரக்கு வரும். அன்றைக்கும் ஏதாவது ஒரு வராந்தாவில் அவன்தான் முடிவெடுக்க வேண்டும்.

"பொழச்சிருக்கும்" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்கே தோன்றியது. பிறகு நிமிர்ந்து, இனிமேல் நான் காட்டுகிற இடத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னான். அன்று அவன் என்னைச் சந்தேகப்பட்டபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

"அது மட்டும் வேண்டாம் முருகேசா" என்றேன். "கேளு. சீக்கிரமா கேளு."